எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்ற படகு

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில், பாதித் தலைக்கு மட்டும் டை பூசிய நிலையில் உட்கார்ந்திருந்தேன். இதை மறைத்துவிட்டுக் கௌரவமாக வேறு எப்படியாவது தொடங்கியிருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சாவு வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் என் தலையைப் பார்த்துவிட்டார்கள். மரக்காணத்தில் ஒருவர் பார்த்தாலே ஊர் பார்த்த மாதிரி. போனில் டிரைவர் கணேசன் அதிகம் பேசவில்லை. "லூர்து போய்ட்டான்யா. வா," என்றார். சலூன்காரர், "மீதியையும் பூசிட்டுப் போங்க சார், கொஞ்ச நேரந்தான்," என்றார். நான் அப்படியே எழுந்து நடந்தேன். இடது பக்கம் நாற்பது வயது, வலது பக்கம் ஐம்பத்திரண்டு.

கண்டக்டர் லூர்துசாமி கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். வெள்ளைச் சட்டையின் காலர் அவர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது; கடைசி மாதங்களில் உடம்பு அவ்வளவு வற்றிவிட்டது. என் தலையைப் பார்த்திருந்தால், "உனக்கு அரை டிக்கெட்டா, ஃபுல் டிக்கெட்டா?" என்று கேட்டிருப்பார். கண்ணாடிக்கு மேலே குனிந்து நின்றேன். அந்தக் கேள்வி வரவில்லை. அப்போதுதான் அவர் செத்துப்போனது எனக்கு உறைத்தது.

ஐஸ் பெட்டியின் கீழே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சொந்தக்காரர் ஒருவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டினார். அவை வாசல்வரை போய், அவர் துடைப்பத்தைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி வந்து அதே இடத்தில் படுத்துக்கொண்டன. லூர்து அண்ணனிடம் இருந்தவை மூன்று நாய்கள். மூன்றாவது அங்கே இல்லாததற்குக் காரணம் உண்டு. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். கணேசனுக்கு எழுத வராது. எனக்கும் வராது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் நான்தான் எழுதியாக வேண்டும்.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அவர் டிக்கெட் கிழித்த பஸ்ஸில் போனவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரிடம் சில்லறைக்காகத் திட்டு வாங்காதவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. "சில்லறை இல்லன்னு சொல்றவன் பாக்கெட்டுலதான்யா சத்தம் கேக்குது," என்பார். ஒரு மழைநாளில் கூனிமேடு ஸ்டாப்பிங்கில் யாரோ பிளாஸ்டிக் கூடைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இவர் இறங்கி அதைத் தூக்கி வந்து தன் சீட்டுக்கடியில் வைத்தார். முன்னால் இருந்த வேட்டிக்காரர் ஒருவர் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்.

"இது பஸ்ஸா, நாய் வண்டியா? நான் டிப்போவுல கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்."

"தாராளமா பண்ணுங்க. அதுக்கு முன்னாடி டிக்கெட்டக் காட்டுங்க."

அந்த ஆளிடம் டிக்கெட் இல்லை. அடுத்த ஸ்டாப்பிங்கில் மனிதர் இறங்கிக்கொண்டார், நாய் இறங்கவில்லை. ஊர்வரை வந்தது. அதற்குக் கூனிமேடு என்றே பெயர் வைத்தார். அப்புறம் வந்தது அனுமந்தை. மூன்றாவது, மாற்று டியூட்டிக்குப் போயிருந்த ஒருநாள் இரும்பைக் கோயில் பக்கத்தில் காலில் அடிபட்டுக் கிடந்த பெட்டைக்குட்டி. அது இரும்பை. ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் வாசலில் நின்று, "கூனிமேடு, அனுமந்தை, இரும்பை," என்று குரல் கொடுப்பார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "பஸ்ஸு எங்கண்ணா நிக்குது?" என்று கேட்டாள். இது நான் கண்ணால் பார்த்தது. பார்க்காததை வேறு கட்டுரைகளில் எழுதுவேன்.

அவருக்கு மனைவி இறந்து நாளாயிற்று. ஒரே மகள் ஜெனிட்டா, குவைத்தில் நர்ஸ். வேலை விட்டு வந்தவர் என்ன செய்வார் என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்தபோது, உப்பளக்காரர் ஒருவர் ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய மரத்தோணி ஒன்றை வாங்கிவிட்டார். நீளமென்றால் நீளம், அகலம் மட்டும் கஞ்சத்தனம். உள்ளே ஒருவர் நடந்தால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தார்ப்பாயில் கூரை போட்டார். பழைய இரும்புக் கடையில், இனி ஓடாது என்று 'கண்டம்' செய்து உடைத்துப் போட்டிருந்த பஸ் ஒன்றிலிருந்து மூன்று பேர் உட்காரும் சீட்டைப் பிடுங்கி வந்து நடுவில் நீளவாக்கில் முடுக்கினார். பஸ்ஸை ஓட்டிய கணேசனும் அதே வருடம் ஓய்வு பெற்றிருந்ததால், தோணிக்கும் அவரே டிரைவர். பின்னால் நின்று நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார்.

முதல் நாள் நானும் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு, கடையை மூட ஒரு காரணம் கிடைப்பது பெரிய விஷயம். ஏறியதும் நேராகப் போய் சீட்டில் உட்கார்ந்தேன்.

"எழுந்திருப்பா," என்றார் லூர்து அண்ணன். "அது பேசஞ்சர் சீட்டு."

மூன்று நாய்களும் வரிசையாக ஏறி உட்கார்ந்தன. இரும்பைக்கு எப்போதும் ஓர சீட்டு.

"அப்ப நான் யாருண்ணே?"

"டிரைவரு நின்னுக்குனு ஓட்டணும். கண்டக்டரு நின்னுக்குனு வரணும். நீ ஓசி. கீழ குந்து."

அப்படித்தான் பக்கிங்காம் கால்வாயில் எங்கள் பயணங்கள் தொடங்கின. கால்வாய் என்று பெருமையாகச் சொல்கிறோம். பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே வராது, கழியை ஊன்றினால் கருஞ்சேறும் பிளாஸ்டிக் கவரும்தான் மேலே வரும். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள், குவித்து ஓலை போட்டு மூடிய உப்பு. நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஒரு எருமை முந்தியது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

"ஏங்க கண்டக்டரே, வண்டி மெட்ராசுக்கு எப்ப போய்ச் சேரும்?"

"இது பாயின்ட் டு பாயின்ட் இல்லம்மா. எல்லா ஸ்டாப்பிங்கும் நிக்கும்."

"எங்களயும் ஏத்திக்கிறது? நாய்ங்க மட்டும் ராஜா கணக்கா குந்திக்கினு போவுது, நாங்க வெயில்ல கெடக்கறோம்."

"அதுங்க வாயத் தொறந்தா பசிக்குதுன்னு மட்டுந்தான் சொல்லுது. உங்கள ஏத்தினா என் தோணி தாங்காது."

அவர்கள் உப்பை அள்ளி எங்கள்மீது எறிவார்கள். கணேசன், "பஸ்ஸ இப்டி ஓட்டியிருந்தா என்ன அன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணியிருப்பானுங்க," என்று முனகிக்கொண்டே கழியை ஊன்றுவார். லூர்து அண்ணனுக்கு எங்கேயும் போய்ச்சேர வேண்டும் என்பதே இல்லை. வாழ்நாளெல்லாம் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தவர். கொக்கு நின்றால் நிறுத்துவார். நாய் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் நிறுத்துவார். அப்படியே நின்று சோற்றைப் பிரித்து, முதல் உருண்டையை இரும்பைக்கு வைப்பார். மற்ற இரண்டும் இதற்காக ஒருநாளும் சண்டை போட்டதில்லை. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கணேசனும் கூட்டிப் போனோம். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப்போய் விரும்பியதைக் கொடுங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டாப்பிங்கையும் பார்த்துக்கொண்டே வந்தார். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் சொன்னார்:

"நான் போறது பத்தி ஒண்ணும் இல்லப்பா. ஜெனிட்டா நல்லா இருக்கா. இதுங்கதான்."

சாலையோரத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். அவர் வேலையில் இருந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் பூட்டிவிட்டு வெளிநாடு போய்விட்டார்களாம். அவர்கள் வளர்த்த நாய் பூட்டின கதவுக்கு முன்னால் படுத்திருந்தது. இவர் போகும்போதும் பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். பஸ் நிற்கும் நேரத்தில் இறங்கி ஓடி பிஸ்கட் வைத்திருக்கிறார். தின்னவில்லை. கதவில் ஒரு சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கும். காற்றுக்குப் பூட்டு ஆடுகிற சத்தம். நாளுக்கு நாள் எலும்பு தெரிந்துகொண்டே வந்தது. ஒருநாள் அந்த இடம் காலியாக இருந்தது.

"ரோட்டுல அடிபட்டுச் செத்தா கூட பரவால்லன்னு இருந்துச்சுப்பா எனக்கு. அந்தப் பூட்டப் பாத்துக்குனே கெடந்துச்சு பாரு. என்னுது மூணும் அப்டி கெடக்கக் கூடாது."

நானோ கணேசனோ எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கணேசன் வீட்டில் கோழிகள். அனுமந்தைக்குக் கோழி என்றால் உயிர், கோழிக்கு அப்படி இல்லை. நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டு ஓனர் என்னையே யோசித்து யோசித்துத்தான் வைத்திருக்கிறார். அதைவிட முக்கியமான காரணம், எங்கள் இரண்டு வீடும் அவர் வீட்டுக்குப் பக்கம். கட்டை அவிழ்த்துக்கொண்டால் நேரே அங்கே போய்ப் படுத்துவிடும். அவை நெடுந்தூரம் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையையோ நாயையோ கொண்டுபோய் விடுவதென்றால் தண்ணீரைத் தாண்டி விடு என்பார்கள். தண்ணீருக்கு அந்தாண்ட போனால் வாசனை அறுந்துபோகும், திரும்பி வர வழி தெரியாது என்பது நம்பிக்கை. ஆட்டோவில் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். "ரோட்டுல போனா வழி புடிச்சிக்கும். தோணியில போவோம். எறங்குற எடத்துல நல்ல மனுசங்களாப் பாத்து விடுவோம்," என்றார். மூன்று பேருமாகச் சேர்ந்து, எங்கள் மொத்த அனுபவத்தையும் போட்டு எடுத்த முடிவு அது.

தை வெயில் இதமாக இருந்த ஒரு காலையில் கிளம்பினோம். லூர்து அண்ணனால் நிற்க முடியவில்லை. அன்றைக்குத்தான் முதன்முறையாக அவர் பேசஞ்சர் சீட்டில் உட்கார்ந்தார். இரும்பை அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் இடமில்லாமல் கீழே என்னோடு உட்கார்ந்தன. நாய்களுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவற்றிடம் பயம், ஆனால் அன்று ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டுதான் போனோம். வழக்கம்போல உப்பளத்துப் பெண்கள் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒருத்தி, "இன்னா கண்டக்டரே, இப்டி எளைச்சிட்டீங்க?" என்றாள். "வண்டி கண்டம் ஆவப் போவுதும்மா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் உப்பும் எறியவில்லை.

ஒரு மீனவக் குப்பத்தில், அவருடைய பழைய பயணி ஒருவரின் வீட்டில் கூனிமேட்டை விட்டோம். பிறகு ஒரு இறால் பண்ணையின் காவல்காரரிடம் அனுமந்தையை விட்டோம். இரண்டையும் கட்டிவைத்து, நாங்கள் கண்ணுக்கு மறையும்வரை அவிழ்க்க வேண்டாம் என்று சொன்னோம். அவை குலைத்த சத்தம் தண்ணீர்மேல் வெகுதூரம் கூடவே வந்தது. கணேசன் முதல்முறையாக வேகமாகத் தள்ளினார்.

கடைசியாக ஆலம்பரைக் கோட்டைப் பக்கம். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு மீன் வறுத்துக் கொடுக்கும் செல்வி என்ற பெண்மணியின் கடை அங்கே இருக்கிறது. தனியாக இருக்கிறவர், துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். தோணி கரையில் முட்டியது. இரும்பை இறங்கவில்லை. லூர்து அண்ணனின் தொடையில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்தோம்.

"எறங்குடி," என்றார். "உன் ஸ்டாப்பிங் வந்துடுச்சு."

அது அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு தானாகவே குதித்து இறங்கியது. கட்ட வேண்டிய தேவையே வரவில்லை. கரையில் உட்கார்ந்து நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது, குலைக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் மூன்று பேர் உட்காரும் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். "கீழதான குந்தியிருக்க, மேல வா," என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் உட்காரவில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வாசலில் வயிறுவரை கருஞ்சேறு அப்பிக்கொண்டு கூனிமேடு படுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அனுமந்தையும் வந்துவிட்டது, அதே சேற்றோடு. கணேசன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, தண்ணியத் தாண்டணும்னுதான சொன்னாங்க?"

"ஆமா."

"நாம எங்கய்யா தாண்டுனோம்? தண்ணி மேலயே நேராப் போயி, கெளம்புன கரையிலயே எறக்கி விட்டுட்டு வந்திருக்கோம். கால்வா ஒரே கோடு. கரையப் புடிச்சி நடந்தா கண்ணு தெரியாதவன் கூட வந்து சேருவான்."

வாழ்நாளெல்லாம் ஒரே ரோட்டில் பஸ் ஓட்டியவர், அதே பஸ்ஸில் ஸ்டாப்பிங் சொன்னவர், உலகத்தையே கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் நான் என மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. கட்டிலில் படுத்திருந்த லூர்து அண்ணன் முதலில் கோபப்பட்டார். "போங்கடா, எதுக்குடா வந்தீங்க?" என்றார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியில் சிரிப்பு பாதியிலேயே நின்றது. நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தன. சற்று நேரம் கழித்து, "அவளும் நாளைக்கு வந்துடுவா," என்றார். "அவதான் ரொம்ப தூரம். கால்ல வேற பழைய அடி. அதான் லேட்டு."

இரும்பை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். காற்று வரட்டும் என்றார். காற்று ஜன்னல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. எந்த நாய்கள் வரக்கூடாது என்று கவலைப்பட்டாரோ அவை கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒரு வாரம் போனது. குடித்த கஞ்சி எல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, "வழியில எங்கனா லாரி கீரி அடிச்சிருக்குமா? போய்ப் பாத்துட்டு வாப்பா," என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஆலம்பரை போனேன். இரும்பை செல்வியின் கடை பெஞ்சுக்கடியில் படுத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஒருதரம் ஆட்டிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

"மொத நா சாப்புடல," என்றார் செல்வி. "கரையிலயே குந்தியிருந்துச்சு. நானும் பக்கத்துல போயி குந்திக்கினேன். என் கதைய எல்லாம் சொன்னேன், வேற யாரு கேக்கறா? அப்றம் எழுந்து கூடவே வந்துடுச்சு. இப்ப ஆள விட்டு நவர மாட்டேங்குது. கட்டறதே இல்ல."

"தண்ணிப் பக்கம் போவுதா?"

"ம்ஹூம். போவல." மீனைத் திருப்பிப் போட்டார். பிறகு பயந்த குரலில் கேட்டார்: "கூட்டிட்டுப் போவத்தான் வந்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்தேன். பொய் எனக்குக் கைவந்த கலை, இருபது வருடமாக அதைத்தான் அச்சில் கொடுத்துவருகிறேன். ஆனால் எந்தப் பொய்யைச் சொல்வது? உங்களைத் தேடுகிறது என்றால், அது ஏங்கிச் சாகப்போகிறது என்று அவர் துடிப்பார். தேடவில்லை என்றால், அவர் கேட்டதுதான் நடந்திருக்கிறது. அதைக் கேட்க அவரால் முடியுமா என்று தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் வண்டிக்குப் பின்னால் எதுவும் வரவில்லை என்பதையும் பார்த்துவிட்டார்.

"இருக்காளா?"

"இருக்காண்ணே. நல்லா இருக்கா."

"தேடுறாளா?"

"காலைல பன்னு, மதியானம் மீன் சோறு," என்றேன். "சதை போட்டிருக்கு."

வாசலை இன்னொருதரம் பார்த்தார். பிறகு மெல்ல, "ஒரு தடவ கூட கரைப் பக்கம் வரலியாமா?" என்றார். அந்த இடத்தில் எனக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. இல்லை என்றேன்.

"கெட்டிக்காரி," என்றார். "அதான கேட்டேன் நானு. அதுக்குத்தான இட்டுக்கினு போயி விட்டேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மனைவி இறந்தபோதுகூட வந்தவர்களுக்கு அவரேதான் நாற்காலி போட்டார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, முகத்தைத் திருப்பாமலே, அவர் கை மட்டும் கட்டிலிலிருந்து கீழே தொங்கியது. கட்டிலுக்கடியில் வால் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு.

அதற்குப் பிறகு அவர் வாசலைப் பார்க்கச் சொல்லவில்லை. இரும்பையின் பெயரையும் எடுக்கவில்லை. கை மட்டும் கடைசிவரை கீழே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் போன அன்று காலையில் கணேசன்தான் அதைத் தூக்கி மார்பின்மேல் வைத்தாராம். "நாய் நக்கி நக்கி ஈரமா இருந்துச்சுய்யா. தொடைக்க மனசு வரல," என்றார்.

ஜெனிட்டா வந்தாள். கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். நாய்கள் இரண்டும் கூட்டத்தின் பின்னால் வந்து கேட்டோடு நின்றுவிட்டன. அவளுக்கு லீவு குறைவு. போவதற்கு முன் வீட்டைக் கழுவி, ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டினாள். சாவியை என் கையில் கொடுத்து, "வருஷக் கடைசியில வந்து முடிவு பண்றேன் அங்கிள். அதுவரைக்கும் பூட்டியே இருக்கட்டும்," என்றாள். அப்பா இந்த நாய்களுக்காக எதற்குப் பயந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. டாக்ஸி காத்திருந்தது. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பூட்டின கதவுக்கு முன்னால் இரண்டும் படுத்திருந்தன. கணேசன் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. காற்றுக்குப் பூட்டு லேசாக ஆடியது. உடனே இரண்டும் தலையைத் தூக்கின.

நான் பூட்டைத் திறந்தேன். இரண்டும் உள்ளே ஓடின. கூடம், சமையல்கட்டு, பின்வாசல் என்று முகர்ந்து பார்த்தன. கட்டிலுக்கு அடியில் போய், மேலே பார்த்து, வெளியே வந்தன. அவர் இல்லை. அப்படியும் போய்விடவில்லை, வாசலிலேயே படுத்தன. ஆனால் அன்று மதியம் கூனிமேடு எழுந்துபோய்ச் சோற்றில் பாதியைத் தின்றது. மீதியை அனுமந்தை தின்றது.

இப்போது தினமும் ஒருதரம் உள்ளே போய்த் தேடிவிட்டு வருகின்றன. தேடி முடித்ததும் சாப்பிடுகின்றன. ஒருநாள் தேடாமலே சாப்பிடக்கூடும். அந்த நாளைப் பார்க்க எனக்கும் மனதில்லை. அவர் சுவர்ப்பக்கம் ஏன் திரும்பிக்கொண்டார் என்பது இப்போதுதான் புரிகிறது. தெருக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள், வீட்டைத் திறந்துபோட்டிருக்கிறானே, சாமான் திருட்டுப் போகாதா என்கிறார்கள். ஜெனிட்டாவுக்கு இந்தக் கட்டுரையைப் படித்தால்தான் தெரியும். கோபப்படாதேம்மா.

லூர்துசாமி அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சாவி ஒன்றுதான். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பூட்டைக் கழற்றிக் கால்வாயில் எறிந்துவிட்டேன்.